சிவகாமிக்குத் தாலி எதற்கு?

முத்தாண்டிக்குப்பத்தில், மாணவியர் சிலருடன் மாலைதோறும் அமர்ந்து கல்கியின் 'சிவகாமியின் சபதம்' புதினத்தைப் படித்து முடித்தோம். கடைசிப் பக்கத்தில் பலர் கண்களைத் துடைத்துக் கொண்டனர். முந்திரிக்கொட்டை உடைக்கும் தாயின் மகள் ஒருத்தி மட்டும் கேட்டாள்: "சிற்பி மகள் என்பதால்தானே ஐயா, அவளுக்கு இந்த முடிவு?"

அன்று நாம் விடை கூறவில்லை. இன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்து, வீடுதோறும் பெண்கள் காத்திருந்து படித்த கதை இது. தெளிந்த நடை, விறுவிறுப்பான நிகழ்ச்சிகள். அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால், தேன் தடவித் தரப்படுவது எது என்று பார்க்க வேண்டாமா?

பல்லவ இளவரசன் நரசிம்மவர்மனும் ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமியும் காதலிக்கின்றனர். பகைவரால் வாதாபிக்குக் கொண்டு செல்லப்பட்ட சிவகாமி, அந்நகர் எரிந்தாலன்றி வெளியேறேன் எனச் சூளுரைக்கிறாள். ஆண்டுகள் உருள்கின்றன, வாதாபி வீழ்கிறது. காஞ்சி திரும்பியவள் காண்பதென்ன? காதலன் பாண்டியன் மகளை மணந்து மக்களும் பெற்றுவிட்டான்! அவள் ஏகாம்பரநாதர் கோயிலில் இறைவனையே கணவனாக ஏற்றுத் தாலி அணிந்து ஆடுகிறாள். மன்னனுக்கு மனைவி, மக்கள், மணிமுடி, கலைஞிக்கோ கற்சிலை!

"வரலாறு அப்படி, ஆசிரியர் என் செய்வார்?" என்பர் சிலர். நரசிம்மவர்மன் வரலாறு, புலிகேசி வரலாறு, கி.பி. 642 அளவில் வாதாபி வீழ்ந்ததும் வரலாறு. ஆனால் ஆயனரும் சிவகாமியும் கல்கியின் கற்பனை. எந்தக் கல்வெட்டும் அவர் கையைக் கட்டவில்லை. நூறு பெண்களுக்கு ஆடல் கற்பிக்கும் ஆசானாக அவளை ஆக்கியிருக்கலாம். அரசவையில் நின்று நீதி கேட்கச் செய்திருக்கலாம். கற்பனைக்கு ஆயிரம் கதவுகள் இருந்தும், அவளுக்குத் திறந்தது கோயில் கதவு ஒன்றே!

அது எந்தக் காலம்? பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து 1920களிலேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் போராடியிருந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' புதினத்தை வெளியிட்டிருந்தார். 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. கல்கி அக்கொடுமையை ஆதரித்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், சட்டம் அறுக்கவிருந்த கயிற்றுக்கு அவர் கதை பொன்முலாம் பூசிவிட்டது.

"அவள் கலையை அல்லவா மணந்தாள்!" என்பர். அப்படியாயின் தாலி எதற்கு? கலைக்குச் சலங்கை போதுமே!

தங்கையே, இதோ விடை. சிற்பியின் மகள் அரசியாவதைக் கதையில் வரும் அரண்மனை ஏற்கவில்லை. அது அக்காலத்துக் குற்றம். கணவன் என்று ஒருவனில்லாமல் ஒரு பெண் தலைநிமிர்ந்து வாழ்வதைக் கதையே ஏற்கவில்லை. அது நம் காலத்துக் குற்றம்.

கதையைப் படி, தமிழைச் சுவை, அழுகை வந்தால் அழு. ஆனால், கண்ணீரைத் துடைத்த பின்னும் நீ கேட்ட கேள்வியை விட்டுவிடாதே!