ஒரு கோப்புக்கு இரண்டு பெயர்

பழைய புரோகிராம்களையும் கைவிடாமல் புதிய வசதியையும் தரும் வழிகளில் சாமர்த்தியமானது என்று புகழப்படுவது, 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95 கோப்புப் பெயர்களைக் கையாண்ட முறை. அந்தப் புகழ் நியாயமானதே. ஆனால் அதன் செலவை யார் ஏற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

1981இல் வந்த எம்.எஸ்.டாஸ், வட்டிலுள்ள ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் 32 பைட் கொண்ட ஒரு குறிப்பை எழுதி வைத்தது. அதில் பெயருக்குக் கிடைத்த இடம் 11 பைட்: பெயருக்கு எட்டு, வால்பெயருக்கு மூன்று. 1983இல் பெர்க்லி யூனிக்ஸ் 255 எழுத்து வரை பெயர் வைக்க இடம் கொடுத்துவிட்டது. டாஸ் பயனாளர்களோ மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் சுருக்கெழுத்திலேயே காலம் தள்ளினார்கள்.

விண்டோஸ் 95 என்ன செய்தது? நீண்ட பெயரைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்தாக நறுக்கி, கூடுதல் குறிப்புகளில் வைத்தது. அந்தக் குறிப்புகளின் மேல் ‘படிக்க மட்டும்’, ‘மறைந்தது’, ‘முறைமைக்கு உரியது’, ‘வட்டின் பெயர்’ என்ற நான்கு முத்திரைகளையும் ஒருங்கே குத்தியது. ஒரே ஆளை மாப்பிள்ளை, மணப்பெண், புரோகிதர் என்று பதிவு செய்தாற்போல! உண்மையான கோப்புக்கு இந்த நான்கும் சேர்ந்து வராது. ஆகவே பழைய புரோகிராம்கள் பேசாமல் தாண்டிச் சென்றன. வட்டைப் பழுதுபார்க்கும் பழைய புரோகிராம்கள் மட்டும் இவற்றைப் பிழை என்று எண்ணித் ‘திருத்தி’ விட்டன. நீண்ட பெயர்கள் அதோடு போயின.

தாண்டிச் சென்ற புரோகிராம்களுக்குக் காட்ட ஒரு குறும்பெயரும் வேண்டுமல்லவா? நீண்ட பெயரின் முதல் ஆறு எழுத்து, ஓர் அலைக்குறி, ஓர் எண். கோளாறு இங்கேதான். ஒரே சொல்லில் தொடங்கும் இரு அறிக்கைகள் இருந்தால், முதலில் வந்ததற்கு 1, அடுத்ததற்கு 2. வேறு வட்டுக்கு வரிசை மாற்றி நகலெடுத்தால் எண்களும் இடம் மாறக்கூடும். குறும்பெயரை நம்பியிருக்கும் பழைய புரோகிராம் அப்போது வேறு அறிக்கையைத் திறக்கும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. பெயர் என்பது பொருளைச் சேர்ந்தது. இதுவோ ரேஷன் கடை வரிசையில் நின்ற இடத்தைச் சேர்ந்தது.

இன்னொரு விபரீதம். எச்.டி.எம். என்று முடியும் கோப்புகளை எல்லாம் அழிக்கக் கட்டளையிட்டால், எச்.டி.எம்.எல். என்று முடிபவையும் அழியலாம். குறும்பெயரில் வால் மூன்றெழுத்தாக வெட்டப்பட்டிருக்கும். கட்டளை இரு பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பயனாளர் தாம் வைக்காத, பார்க்காத ஒரு பெயருக்காகக் கோப்பை இழக்கிறார்.

பழைய புரோகிராம் சேமிக்கும்போது மூலக் கோப்பை அழித்துவிட்டு, புதியதை அதே குறும்பெயரில் வைப்பதுண்டு. நீண்ட பெயர் அத்துடன் தொலைய வேண்டும். ஆகவே அழிந்த பெயரை விண்டோஸ் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. வழக்கமான கெடு 15 வினாடி! ஒட்டுப்போட்ட இடத்தில் இன்னொரு ஒட்டு. ஆனாலும் இதைக் குறைகூற எனக்கு மனமில்லை. பயனாளரின் பெயரைக் காப்பாற்ற முயன்ற ஒட்டு இது.

தமிழில் பெயர் வைப்பவர்கள் நிலை வேறு. விண்டோஸ் 2000 முதல் தமிழ் எழுத்துகள் யூனிகோடில் வந்தன. அதற்கு முந்தைய வகைப் புரோகிராம்களுக்குத் தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகிறது. கேள்விக்குறியோ கோப்புப் பெயரில் அனுமதிக்கப்படாத குறி. ஆகவே அந்தப் பெயரால் கோப்பைத் திறக்க முடியாது. நாம் இவ்வளவு குறைகூறிய குறும்பெயர்தான் அங்கே எஞ்சியிருக்கும் வாசல். குறும்பெயர் உண்டாக்குவதை நிறுத்திவைத்த வட்டானால் அதுவும் இல்லை. மாணவர் தம் கட்டுரைக்கு ஆங்கிலத்தில் பெயர் மாற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.