கூகுள் நாட்காட்டியின் 'இலக்குகள்' வசதி: ஒரு திறனாய்வு

'இலக்குகள்' என்பது கூகுள் நாட்காட்டிச் செயலியில் 2016 ஏப்ரலில் அறிமுகமாகி, 2022-இல் நிறுத்தப்பட்ட வசதி ஆகும். வாரத்திற்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்தப் பொழுதில் என்ற கேள்விகளுக்கு விடையளித்தால், நாட்காட்டியில் காலியான நேரத்தை அதுவே ஒதுக்கித் தந்தது. வகுப்பு, கூட்டம், தேர்வு எனத் திணறும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இவ்வெளிமை பெரிய வசதி.

எனினும் குறையும் அதிலேயே இருந்தது. அந்த நேரத்தில் வேறு நிகழ்வு பதிவானால், இலக்கு தானாகவே நகர்ந்துவிடும். நடைப்பயிற்சிக்கு இது பொருந்தும். ஆய்வேடு எழுதப் பொருந்தாது. மற்றவர் வைக்கும் ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஆய்வேடே வழிவிட வேண்டியிருந்தது. மேலும், எத்தனை முறை அமர்ந்தார் என்பதையே அது கணக்கிட்டது. எந்த இயல் முடிந்தது என்பதை அன்று. நேரத்தைத் தேடித் தந்த செயலி, அதைக் காத்துத் தரவில்லை.