தியாக பூமி: நாட்டுப்பற்றுக்குள் மறைந்த ஒரு வழக்கு

'தியாக பூமி' என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன கதரும், இராட்டையும், தேசியப் பாடல்களுமே. ஆங்கில அரசு தடை செய்த படம் என்னும் பெருமையும் அதற்கு உண்டு. அப்பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதனை ஒரு விடுதலைப் போராட்டப் படமாக மட்டும் போற்றிவருவதால், அதன் நடுவே ஒரு பெண் நீதிமன்றத்தில் நின்று எழுப்பிய கேள்வியை நாம் செவிமடுக்காமலே இருந்துவிட்டோம். அக்கேள்வியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் படத்தின் பிறப்பைக் காண்போம். தமிழில் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது 1931ஆம் ஆண்டில். எட்டு ஆண்டுகள் கழித்து, 1939 மே மாதத்தில், 'தியாக பூமி' வெளிவந்தது. இயக்கியவர் கே. சுப்பிரமணியம். அதற்கு முந்திய ஆண்டில் பிரேம்சந்தின் நாவலை 'சேவாசதனம்' என்னும் படமாக்கி, எம். எஸ். சுப்புலட்சுமியைத் திரைக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. 'தியாக பூமி'யின் கதை கல்கியினுடையது. கோடை, மழை, பனி, இளவேனில் என நான்கு பாகங்களாக அமைந்த அந்நாவல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தபோது, சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களே அச்சிடப்பட்டன. எழுதி முடித்த நாவலைப் பின்னர் படமாக்குவதே வழக்கம். இங்கோ நாவலும் படமும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன.

கதை நாம் அறிந்ததே. நெடுங்கரைக் கிராமத்துச் சம்பு சாஸ்திரியார், புயலில் வீடிழந்த ஹரிஜனங்களுக்குத் தம் மாட்டுக்கொட்டகையில் இடமளித்தமையால் ஊராரின் பகையைத் தேடிக்கொள்கிறார். மகள் சாவித்திரியின் வரதட்சிணைக்காக நிலத்தை இழக்கிறார். கல்கத்தாவில் வாழும் கணவன் ஸ்ரீதரனோ அவளைக் கொடுமைப்படுத்தித் துரத்துகிறான். கருவுற்ற நிலையில் பிறந்தகம் திரும்பும் சாவித்திரி, தந்தை ஊரைவிட்டே போய்விட்டார் என்பதை அறிகிறாள். பெற்ற குழந்தையைத் தந்தையின் அருகில் விட்டுவிட்டுப் பம்பாய் செல்கிறாள். அத்தையின் சொத்துக்கு உரியவளாகி, உமாராணி என்னும் பெயருடன் திரும்புகிறாள். செல்வச் சீமாட்டியான மனைவியை அடையாளம் கண்ட ஸ்ரீதரன், தன்னுடன் வந்து வாழுமாறு நீதிமன்றத்தின் வாயிலாக வற்புறுத்துகிறான். அவள் மறுக்கிறாள், வேண்டுமாயின் கணவனுக்குத் தான் ஜீவனாம்சம் தருவதாகக் கூறுகிறாள்!

1939ஆம் ஆண்டின் பார்வையாளர் இதனைக் கேட்டு எவ்வாறு திடுக்கிட்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்து திருமணச் சட்டம் பிறப்பதற்கு இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன. எனினும் இக்காட்சி வெறும் கற்பனை அன்று. 1887இல் பம்பாயில் ருக்மாபாய் என்னும் பெண்ணுக்கு, சிறுமியாயிருந்தபோது தனக்கு மணம் செய்விக்கப்பட்டவனுடன் வாழ வேண்டும், அன்றேல் சிறை செல்ல வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. சிறை செல்லவும் தயார் என்றார் அவர். மறு ஆண்டில், கணவனுக்கு 2,000 ரூபாய் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது. ருக்மாபாய் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று திரும்பினார். பெண்ணே பணம் கொடுத்துத் தன் விடுதலையைப் பெற்ற செய்தி அன்றே நாட்டில் நிகழ்ந்திருந்தது.

இனி அமெரிக்கப் படம் ஒன்றை ஒப்புநோக்குவோம். எட்னா ஃபெர்பர் 1930இல் எழுதிய 'சிமரான்' என்னும் நாவல் 1931இல் பேசும்படமாகி, சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசையும் பெற்றது. 1889இல் ஒக்லஹோமா நிலப்பரப்பு குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டபோது, வண்டிகளிலும் குதிரைகளிலும் மக்கள் பாய்ந்தோடி நிலம் பிடித்த காட்சியே அப்படத்தின் புகழுக்குக் காரணம். நாயகன் யான்சி, மனைவி சாப்ராவைப் புதிய ஊரில் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் அலையப் போய்விடுகிறான். பத்திரிகையை நடத்துபவள் அவள். பிள்ளைகளை வளர்ப்பவள் அவள். இறுதியில் நாடாளுமன்ற உறுப்பினராகத் தலைநகருக்குச் செல்பவளும் அவளே. ஆனால் கடைசிக் காட்சியில் திறக்கப்படும் சிலை யாருடையது? யான்சியினுடையது!

இரு படங்களும் மண்ணின் பெயரால் தம் கதையைச் சொல்கின்றன. ஒன்றில் பழங்குடியினரின் மண் பறிக்கப்படுகிறது. மற்றொன்றில் மண் தியாகத்தால் புனிதமாகிறது. அவ்வகையில் நம் படமே உயர்ந்தது என்போம். பெண்ணின் வகையிலும் அது ஒருபடி மேல்தான். சாப்ரா காத்திருக்கிறாள், சாவித்திரி மறுக்கிறாள். அந்த மறுப்பைத் திரையில் துணிந்து காட்டிய கல்கியையும் சுப்பிரமணியத்தையும் எத்துணைப் பாராட்டினும் தகும். எஸ். டி. சுப்புலட்சுமி சாவித்திரியாகவும், இசையறிஞர் பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாராகவும் நடித்தமை அப்பாத்திரங்களுக்குத் தனி மதிப்பைத் தந்தது.

ஆனால் முடிவு? சாவித்திரி செல்வத்தைத் துறந்து விடுதலைப் போரில் இறங்குகிறாள். ஸ்ரீதரனும் மனம் மாறி அதே பாதையில் வருகிறான். இருவரும் சிறை செல்கின்றனர். நாட்டுத் தொண்டு கணவனையும் மனைவியையும் ஒரே பாதையில் சேர்த்துவிடுகிறது. அன்றைய நிலையில் இம்முடிவு மக்களை எழுச்சியுறச் செய்தது என்பது உண்மை. 1939 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகிய பின்னர் படம் தடை செய்யப்பட்டதே அதன் ஆற்றலுக்குச் சான்று. எனினும் விமரிசன நோக்கில் ஒன்று சொல்லியாக வேண்டும். கொடுமை செய்தவனுடன் வாழுமாறு ஒரு பெண்ணைச் சட்டம் கட்டாயப்படுத்தலாமா என்னும் கேள்விக்குப் படம் விடை தரவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை முன்னிறுத்தி, முதற் கேள்வியை மூடிவிட்டது.

மூடிய கேள்வி மறையவில்லை. நம் ஐதராபாத்திலேயே அது மீண்டும் எழுந்தது. 1983இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஏ. சௌதரி, சேர்ந்து வாழுமாறு ஆணையிடும் இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தனிமனித உரிமைக்கும் கண்ணியத்துக்கும் முரணானது என்று தீர்ப்பளித்தார். மறு ஆண்டிலேயே வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்று கூறிவிட்டது. அப்பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. உமாராணி இன்று வந்தாலும் அதே கூண்டில்தான் ஏற வேண்டும்.

படத்தின் மற்றொரு குறை நம்மை நேரே தொடுவது. சாவித்திரி தலைநிமிர்ந்தது அத்தையின் சொத்தினால். அச்சொத்து கிட்டாதிருந்தால்? கதாசிரியர் தம் கதாபாத்திரத்துக்கு ஒரு பம்பாய் அத்தையைத் தரலாம். வாழ்க்கை எல்லோருக்கும் அத்தகைய அத்தையைத் தருவதில்லை. குஷாய்குடாவிலும் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் வாழும் நாம் பிழைப்புக்காகத் தமிழகத்தை விட்டு வந்தவர்கள். நம் பெண்களில் எத்தனை பேர் பிலாயிக்கும், பூனாவுக்கும், கடல் கடந்தும் மணமாகிச் சென்றுள்ளனர்! மொழி தெரியாத ஊரிலிருந்து இங்கே மருமகள்களாக வந்தவரும் உளர். கல்கத்தாவில் சாவித்திரிக்கு நேர்ந்த பெருந்துன்பம் அடியும் வசவும் மட்டும் அன்று. ஓடிச்சென்று கதவைத் தட்டுவதற்கு ஒரு தமிழ் வீடுகூட இல்லாமையே. நெடுங்கரைக்கு வந்தாலும் அங்கே தந்தை இல்லை.

ஆதலால் இப்படத்தைக் காணும் இளைஞர்களிடம், 'அன்றைய தேசபக்தியைப் பார்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடலாகாது. நீதிமன்றக் காட்சியையும் சுட்டிக்காட்ட வேண்டும். பொங்கல் விழாவும் பாட்டுப் போட்டியும் நடத்துவது தமிழ்ச் சங்கங்களின் பணியே. அவற்றோடு, துன்புற்ற பெண்ணொருத்தி இரவில் வந்து தட்டினால், 'அனுசரித்துப் போ அம்மா' என்று திருப்பி அனுப்பாத நாலு வீடுகளேனும் சங்கத்தில் இருத்தல் வேண்டும். கல்கி எழுப்பிய கேள்விக்குச் சட்டம் விடை சொல்லும்வரை, நம்மால் சொல்லக்கூடிய விடை அதுவே.