31இல் 12

மருத்துவ ஆய்வுகளை நான் கதை படிப்பதுபோலத்தான் படிப்பேன். யார் பேசுகிறார்கள், யார் பெயரில்லாமல் வந்துபோகிறார்கள் என்று பார்ப்பேன். 1988இல் வெளியான ஓர் ஆய்வில் 10,834 பேர் அப்படி வந்துபோகிறார்கள். 1948க்கும் 1960க்கும் இடையில், தலையில் படர்தாமரை என்று இஸ்ரேலில் எக்ஸ்ரே பாய்ச்சப்பட்ட குழந்தைகள். பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். உயிரைப் பறிக்காத நோய் அது. முடியை உதிரவைத்தால் பூஞ்சை போய்விடும் என்பது கணக்கு. தலையை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் கதிரைச் செலுத்தினார்கள்.

சிகிச்சை பெறாத உடன்பிறந்தவர்கள் 5,392 பேரையும் அந்த ஆய்வு எண்ணியது. ஒரே வீடு, ஒரே உலை. அக்காள் தலையில் கதிர் பட்டது, தங்கை தப்பித்தாள். கதிர் பட்டவர்களுக்கு மெனிஞ்சியோமா என்னும் மூளை உறைக் கட்டி வரும் அபாயம் 9.5 மடங்கு. நேர்த்தியான உழைப்பு, குறை சொல்ல மாட்டேன்.

என் சிக்கல் 2017இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த கட்டுரையோடு, சரியாகச் சொன்னால் அதை நான் வாசித்த விதத்தோடு. முன்பு தலையில் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் தோன்றிய 31 மெனிஞ்சியோமாக்களை அது ஆராய்கிறது. கதிர்வீச்சு டிஎன்ஏவின் இரு இழைகளையும் அறுத்துவிடும். செல் அவசரமாக ஒட்டும்போது தவறான முனைகள் சேர்ந்துகொள்ளும். 12 கட்டிகளில் என்எஃப்2 மரபணு இப்படித் துண்டாகி இடம் மாறிக் கிடந்தது. தானாக வரும் கட்டிகளில் அந்த உடைப்பைக் காணவில்லை. அவற்றில் வழக்கமாகத் தென்படும் ஏகேடி1, கேஎல்எஃப்4 போன்ற திரிபுகள் இவற்றில் இல்லை.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கோப்புகள் தொலைந்தாலும் பெண்ணின் உடம்பு சாட்சி சொல்லும் என்று ஒரு கூட்டத்தில் பேசியும்விட்டேன். கைதட்டினார்கள்.

பிறகுதான் கழித்துப் பார்த்தேன். மீதி 19. அவர்களும் கதிர் பட்டவர்கள்தாம். அந்த உடைப்பு மட்டும் இல்லை. என்எஃப்2 செயலிழப்பது தானாக வரும் கட்டிகளிலும் சகஜம், விதம்தான் வேறு. போதாததற்கு, மெனிஞ்சியோமா பொதுவாகவே ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருவது. "பெண்களுக்கு வருவதுதானே அம்மா" என்று ஒரு மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிவிட அது போதும். மரபணுவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், அது வாய் திறக்காத பெண்ணின் பேச்சை யார் நம்புவார்கள்? கட்டுரையாளர்கள் அப்படிக் கேட்கவில்லை. நான்தான் ஏற்றினேன்.

1994இல் இஸ்ரேல் இயற்றிய இழப்பீட்டுச் சட்டம் தாமதமானதுதான். ஆனால் அது மரபணுவைக் கேட்கவில்லை. கதிர் பட்டதா, பட்டியலில் உள்ள பாதிப்பு இருக்கிறதா என்று கேட்டது. கட்டியே வராமல், முடி முளைக்காத உச்சந்தலையோடு வாழ்நாள் முழுக்கத் தலைத்துணி கட்டியவளுக்கும் அந்தப் பட்டியலில் இடமுண்டு. என் பேச்சில் அவள் இல்லை. அன்றைக்குக் கைதட்டியவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.