மனோன்மணி யார்?

அண்மையில் திருத்தங்கலில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் உரையாடிக் கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார்: "ஏக இறைவனை வணங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு, 'மனோன்மணியே' என்று பெண்ணை விளித்துப் பாடலாமா? பேத்தி கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையே தம்பி!"

புறக்கணிக்கத் தக்க வினா அன்று இது. சைவ நூல்களில் மனோன்மணி சக்தியின் பெயர். அதனாலேயே 'மனோன்மணிக் கண்ணி'யை ஒதுக்குவாரும் நம்முள் உளர். ஆயின் யோக நூலார்க்கு அச்சொல், மனம் தன் எல்லையைக் கடந்து நிற்கும் நிலையையும் குறிக்கும். தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, இல்லறம் மறுத்துத் துறவு பூண்டு, 1838-இல் சென்னையில் மறைந்த அந்த ஞானி, தம் காலத் தமிழில் வழங்கிய சொல்லையே எடுத்தாண்டார்.

பெயர் தமிழ் மரபினது. காதலின் திசையோ வேறு. திருத்தங்கலுக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரின் ஆண்டாள் இறைவனைத் தலைவனாக வரித்துப் பாடினார். ஆழ்வார்களுள் ஆடவரும் தம்மைத் தலைவியாகப் பாவித்துப் பாடியதுண்டு. மஸ்தான் சாகிபோ தம்மைக் காதலனாக்கி, பரம்பொருளைக் காதலியாக விளிக்கிறார்.

இது ஸூஃபியர் நெறி. மஜ்னூனின் லைலாவை நிஜாமி 1188-இல் பாரசீகக் காவியமாக்கினார். ஸூஃபியர் நாவில் அப்பெயர் இறைப் பேரழகின் குறியாயிற்று. மக்காவில் கண்ட நிஜாம் என்னும் நங்கையை முன்னிறுத்தி இப்னு அரபி 'தர்ஜுமானுல் அஷ்வாக்' பாடியபோது, இது சிற்றின்பக் கவிதையே என்று குறை கூறினர். அவரே உரை எழுதி உட்பொருளை விளக்க நேர்ந்தது.

மஸ்தான் சாகிபு அவ்வாறு உரை எழுதிச் செல்லவில்லை. கண்ணிகளின் போக்கே அதற்கு உரை. அங்கே மேலோங்கி நிற்பன பிரிவின் ஏக்கமும், தம்மைத் தாழ்த்திக் கருணை வேண்டும் இரப்புமே ஆகும். சிற்றின்பக் கவிதையில் காதலன் தனக்கெனக் காதலியை வேண்டுவான். இங்கோ 'தான்' என்பதே கரைந்துபோக வேண்டுகிறான்.

குறையும் இல்லாமல் இல்லை. ஒரே விளி மீண்டும் மீண்டும் வருதலால் சில கண்ணிகள் ஒன்றைப்போல் ஒன்று ஒலிக்கின்றன. இசையோடு பாடும்போது இனிப்பது, ஏட்டில் வாசிக்கும்போது சலிப்பூட்டுகிறது. ஆயின் அது கவிதையின் குறை; கொள்கையின் பிழை அன்று.

முதியவரிடம் நாம் கூறியது இதுவே: லைலா என்பது அரபு நாடு தந்த பெயர், மனோன்மணி என்பது நம் தமிழில் வழங்கிய பெயர். முன்னதை ஏற்றுப் பின்னதை மட்டும் தள்ளுவோமாயின், நாம் வெறுப்பது பொருளை அன்று, நம் தாய்மொழியையே. பேத்தியின் கையில் அந்நூலைத் தயங்காமல் கொடுக்கலாம்.