நிலாவின் மாக்மா கடலும் நம்மூர் வண்டலும்

நிலாவில் ஒருகாலத்தில் மாக்மா கடல் இருந்ததைப் பிரக்யான் கண்டுபிடித்துவிட்டது என்கிற தொனியில்தான் 2024 ஆகஸ்டில் செய்திகள் பரவின. கண்டுபிடிக்கலீங்க. அந்தக் கருத்து 1970-லேயே வந்தாச்சு. அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் வெள்ளைத் துணுக்குகளைப் பார்த்த ஜான் வுட் குழு, உருகிய பாறைக்கடலில் எடை குறைந்த படிகங்கள் மேலே மிதந்து ஓடாக இறுகியிருக்கும் என்று ஊகித்தது. அந்த வெள்ளைப் பாறைதான் அனார்த்தோசைட்.

நேச்சர் இதழில் வந்த சந்தோஷ் வடவாலே குழுவின் கட்டுரை செய்திகளைவிட நிதானமானது. பிரக்யான் 103 மீட்டர் நகர்ந்து 23 இடங்களில் மண்ணை அளந்தது. எல்லா இடத்திலும் தனிமங்களின் அளவு ஏறக்குறைய ஒன்று. இரும்பு கலந்த அனார்த்தோசைட்டுக்கு நெருக்கம். மக்னீசியம் மட்டும் கொஞ்சம் தூக்கல். தென்துருவ-ஐட்கன் பள்ளம் உண்டானபோது ஆழத்திலிருந்து தெறித்தது கலந்திருக்கலாம் என்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 'ஒரே மாதிரி'தான். எங்க நீடாமங்கலத்தில், வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில், 100 மீட்டருக்குள்ள எந்த வயலில் அள்ளினாலும் மண் ஒண்ணுதான். அடியில ஒரே பாறை இருக்குன்னு அதுக்கு அர்த்தமில்லை, ஆறு கலக்கிக் கொண்டுவந்து போட்டது. நிலாவில் விண்கற்கள் கோடிக்கணக்கான வருஷமா அந்த வேலையைச் செய்கின்றன. 103 மீட்டரின் சீர்மையை மட்டும் வைத்துக் கடலைப் பேச முடியாது.

அனார்த்தோசைட் இருப்பதும் தனியாகச் சாட்சி ஆகாது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இருக்கிறதே! அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்தது. அங்கே மாக்மா கடல் எதுவும் கிடையாது. நிலத்துக்கடியில் தேங்கிய மாக்மா மெல்ல ஆறியதில் விளைந்த பாறை அது.

அப்போ பிரக்யானின் மதிப்பு எதில்? இடத்தில். அப்பல்லோ மாதிரிகள் நிலநடுக்கோட்டை ஒட்டியவை. இது 69 பாகை தெற்கு. அவ்வளவு தள்ளியும் அதே வகை ஓடு என்றால், நிலா முழுக்க உருகியிருந்தது என்ற வாதத்துக்கு நல்ல பலம். தலைப்பில் வரவேண்டியது இதுதான், எந்தப் பத்திரிகையும் இதை அழுத்திச் சொன்னதாக என் கண்ணில் படவில்லை.

பெரிய சிக்கல் வயது. அப்பல்லோ 16 எடுத்த 60025 என்ற அனார்த்தோசைட்டுக்கு 436 கோடி ஆண்டு என்று 2011-ல் கணித்தார்கள். சூரியக் குடும்பத்துக்கு 456 கோடிக்குமேல். கடல் சீக்கிரம் இறுகியிருந்தால் அந்தக் கல் ஏன் இத்தனை இளசு? நிலாவே தாமதமாகப் பிறந்ததா, ஓடு மறுபடி உருகியதா என்று சண்டை இன்னும் ஓயவில்லை. எக்ஸ்-கதிரால் தனிமங்களை எண்ணும் பிரக்யான் கருவி வயது சொல்லாது. அதற்குத் தென்பகுதிக் கல்லே கைக்கு வரணும். மண்ணும் கல்லும் எடுத்துவரும் சந்திரயான்-4-க்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது.