குமிழைத் தொடும் முன்

சங்க மலருக்கு ரைபிள் சுடுதல் பற்றி எழுதச் சொல்லி மலர்க் குழுவினர் கேட்டபோது தயங்கினேன். இதை எழுதத் தகுதியான மூத்தவர்கள் பார்சிப்பனியிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான என் ஆசிரியர் "நீங்களே எழுதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். சுடுதலின் அரிச்சுவடி நம் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். அதனால், சைட் என்னும் பார்வைக்கருவியைத் தேர்வதிலும் திருத்துவதிலும் நம்மிடையே வழங்கும் மூன்று மரபுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூத்தது என்.சி.சி. மரபு. இந்திக் கட்டளைக்கு மனத்துக்குள் தமிழில் பொருள் சொல்லிக்கொண்டே .22 ரைபிளோடு தரையில் படுத்துப் பழகியவர்கள் இவர்கள். சைட்டைத் திருத்தும் உரிமை கேடட்டுக்குக் கிடையாது. ஐந்து குண்டும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதே கேள்வி. எங்கே விழுந்தன என்பது அதற்கு அடுத்தது. இதனால் இவர்கள் கையில் ‘குரூப்’ முதலில் வந்தது. அகில இந்திய மவ்லங்கர் சுடுதல் போட்டி வரை போய் வந்த ஒருவர் இன்றும் நம் வகுப்பில் இலக்கு அட்டையைப் பார்த்ததும் மூச்சில் தவறா, விரலில் தவறா என்று சொல்லிவிடுகிறார்.

இரண்டாவது இந்த மண்ணின் ஸ்கோப் மரபு. அமெரிக்காவின் முதல் தேசியப் போட்டிகள் 1903இல் நம் நியூ ஜெர்சியின் ஸீ கர்ட்டில்தான் நடந்தன; 1907இல்தான் ஒஹாயோவின் கேம்ப் பெரிக்குப் போயின. இரும்பு சைட்டையே பிடித்துக்கொண்டிருந்த சர்வீஸ் ரைபிள் போட்டியிலும் 2016 முதல் ஸ்கோப்புக்கு இடம் உண்டு, ஆனால் 4.5 மடங்குக்கு மேல் கூடாது. 600 கெஜத்துக்கே அது போதும் என்று விதி வகுத்திருக்கும்போது, 50 கெஜத்துக்கு 24 மடங்கு தேடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். பெரிதாக்கினால் இலக்கு மட்டுமல்ல, நம் நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஸ்ப்ரிங் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அது பின்னால் உதைத்து உடனே முன்னாலும் உதைக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் உள்ளுக்குள் கழன்றுவிடக்கூடும்.

மூன்றாவது எங்கள் மரபு: கண்ணருகே சிறு துளை, குழல் முனையில் வளையம். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தொலைநோக்கிக்கு இடமில்லை, இந்த இரண்டும்தான். சுட வேண்டிய பத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர். எங்கள் ஆசிரியரின் தகரப் பெட்டியில் 3.6 முதல் 4.5 மில்லிமீட்டர் வரை வளையங்கள் வரிசையாக இருக்கும். இறுக்கமான வளையம்தான் துல்லியம் என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் இலக்கின் கறுப்பைச் சுற்றி வெள்ளை மெலிந்துபோனால் ரைபிளின் சிறு அசைவுக்கே கண் பதறும், விரல் தயங்கும், குண்டு தாமதமாகப் போகும். அவர் ஒவ்வொரு வளையத்துக்கும் பத்துக் குண்டு சுடச் சொல்வார். அட்டையைப் பார்க்க விடமாட்டார். கடைசியில் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, எது நெருக்கமோ அந்த வளையத்தை நம் கையில் கொடுப்பார்.

என் முதல் மாதத்தில் குண்டுகள் வலப்புறமே விழுந்தன. ஸ்கோப்பில் பழகிய கை, சைட்டைத் திருத்தும் குமிழை ‘எல்’ பக்கம் திருப்பியது. குண்டு இன்னும் வலப்புறம் போனது. மறுபடி திருப்பினேன், வெள்ளைக்கே போய்விட்டது. ஆசிரியர் வந்து, "தம்பி, கையை எடுங்க. அந்த எழுத்து எந்த ஊர் எழுத்துன்னு முதல்ல பாருங்க" என்றார். அமெரிக்க ஸ்கோப்பில் ‘எல்’ என்றால் குண்டை இடப்புறம் நகர்த்து. ஜெர்மன் சைட்டில் ‘எல்’ என்றால் குண்டு இடப்புறம் விழுகிறது, அதற்கான திருத்தம் இது. ஒரே எழுத்து, எதிர்ப் பொருள். அன்று முழுவதும் அவர் என்னைக் குமிழைத் தொட விடவில்லை.

இன்றைய நிலை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. நல்ல கைகள் பல உண்டு. ஆனால் ஒரு குண்டு சுட்டதும் கை குமிழுக்குப் போகிறது. அடுத்த குண்டுக்கு எதிர்ப்பக்கம் நாலு கிளிக். தன் பிழையை சைட்டின் மேல் ஏற்றுகிறார்கள்; ஒரு மணி நேரத்தில் சைட்டின் சரியான நிலையான ஜீரோ எங்கே இருந்தது என்று அவர்களுக்கே தெரியாது. கிளிக் எண்ணிக்கையை நோட்டில் எழுதுவதும் கிடையாது. குண்டு விலகினால் முதலில் தன்னைப் பார் என்பதுதான் இந்தக் கலையின் ஒழுக்கம். அது போனால், பொறுமை, பெரியவர் சொல் கேட்பது, தோற்றால் ஒப்புக்கொள்வது எல்லாம் கூடவே போகும். இருபது ஆண்டுகளாக மூத்தவர்கள் இங்கே கட்டியது கண் முன்னே கரைகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சைட்டைத் தொடவே கூடாது என்று எங்கள் மரபு சொல்லவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஏர் ரைபிள் இறுதிச்சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதலில் அபினவ் பிந்த்ராவின் குண்டு பத்தை விட்டு வெகுதூரம் விலகியது. தன் சைட் மாறியிருக்கிறது என்று அந்தச் சில நிமிடங்களில் அவரால் உறுதியாக முடிவுசெய்ய முடிந்தது. திருத்தினார், தங்கம் வென்றார். தன் குரூப்பை நம்பக்கூடியவருக்கே அந்த உரிமை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதே துளையும் வளையமும் வைத்த ரைபிளில்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நியூ ஜெர்சி சட்டத்தில் ஏர் ரைபிளும் துப்பாக்கிதான். வாங்குவதற்கு உங்களுக்குத் துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டை வேண்டும். அது வந்து சேரும் வரை காத்திருக்கும் நாட்களில் கடையில் ஸ்கோப் தேடாமல், பிள்ளையை ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். ஆசிரியரின் தகரப் பெட்டி அங்கே திறந்தே இருக்கும்.